கண்ணாடிக்குள் ஓர் அரிசி

நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடித் துண்டை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை. காலை வெயில் சன்னல் வழியாக வந்து அதன்மேல் பட்டால், வெள்ளைத் தாளில் நீலமும் பச்சையுமாக ஒரு நிழல் விழுகிறது. அந்த நிழலுக்குள்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

எழுத்துத் தெரியாதவன் எப்படி எழுதுகிறான் என்று கேட்பாய். கற்றுக்கொண்டேன், புள்ள. கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டீச்சர் வந்து என்னைப் போன்ற கிழடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பென்சில் பிடிப்பது ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது போலத்தான். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் வராது. தாளும் அப்படித்தான். முதலில் நிறையத் தாள்களைக் கிழித்தேன். இப்போது ஒரு சொல்லை எழுதி முடித்து அதையே திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் எழுதியதே அதில் இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் மடலை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கும் படிக்கத் தெரியாது. பிழை இருந்தால் கண்டுபிடிக்க மாட்டாய். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன். ஆனால் உனக்குச் சொல்ல இப்போது என்னிடம் இருப்பது நல்ல செய்தி இல்லை.

கல்யாணம் முடிந்து கூலிம் பசாருக்குச் சாமான் வாங்கப் போனோமே, அந்தக் கோலி சோடா நினைவிருக்கிறதா? ஆளுக்குப் பாதி குடித்தோம். வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, "இதுக்கு வாய் ஒடஞ்சிருக்கு, இனிமே கோலி அடைக்காது. நீயே கொண்டு போம்மா" என்றார். சீர்வரிசை வாங்கியவள் போல அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு கரங்கானில் நம் தோட்டம் வரைக்கும் வந்தாய்.

அதில் எண்ணெய் வைத்தாய். சாய்த்தால் கோலி உருண்டு வந்து கழுத்தில் நிற்கும். எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். பின்னால் வரப்போகும் பஞ்சத்துக்கென்றே செய்த போத்தல் அது.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி போயிற்று. துணி போயிற்று. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சாக்கைக் கட்டிக்கொண்டு இருந்தோம். எண்ணெயும் தீர்ந்த பிறகுதான் போத்தல் கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது என்று நீ பார்த்தாய். தோள் வளைவில் ஒரு காற்றுக்குமிழி. நீண்டு, ஒரு முனை லேசாக வளைந்து, அசல் பச்சரிசி. அதற்குக் கீழே உருகாமல் போன ஒரு கரும்புள்ளி.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா உலை வைக்க நெருப்பு வாங்க வந்தாள்.

"இன்னைக்கு என்னாடி?"

"கெழங்குதான்க்கா. ஆனா எங்க வீட்டுல அரிசி இருக்கு."

"பொய் சொல்லாத. எங்க காட்டு."

நீ போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்தாய். அஞ்சலை அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"அடிப் பாவி. இத எப்படிடி ஆக்குறது?"

"ஆக்க வேணாம்க்கா. பாத்துக்கிட்டே கெழங்கத் தின்னா எறங்கிடும். எறும்பு வேற மோப்பம் புடிச்சு வந்துருச்சு பாருங்க. அதுக்குத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியல."

அன்று லயத்தின் வரிசை வீடுகள் முழுக்கச் சிரித்தன. அந்தக் காலத்தில் நம் லயத்தில் கேட்ட சிரிப்பு அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலையில், வேலைக்கு ஆள் கூப்பிடும் தண்டல் வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனான். "ஆபீசுல அரிசி குடுக்குறாங்க. ஆம்பளைங்க சாக்கோட வாங்க." நான் சாக்கை உதறித் தோளில் போட்டேன். நீ உள்ளே இருந்தபடியே சொன்னாய்.

"மாமா, வீட்டுல ஒண்ணு இருக்குல்ல. அதுக்குத் தொணைக்குக் கொஞ்சம் கொண்டாங்க."

சிரித்துக்கொண்டே போனேன். ஆபீசுக்கு முன்னால் அரிசி இல்லை. லாரி நின்றது. சாக்கோடு ஏற்றினார்கள்.

சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட்டதைப் பற்றி எழுத மாட்டேன். அதற்கான எழுத்துகளை நான் கற்றுக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு, அழுகிய காலோடு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். நம் வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அஞ்சலை அக்கா என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் கையைப் பிடித்து இடுகாட்டுக்குக் கூட்டிப்போனாள்.

பலகைக்கும் செங்கலுக்கும் வழியில்லாத அந்த வருடங்களில் நம் ஆட்கள் புதைத்த இடத்தில் போத்தலை நட்டார்கள். செத்தவர் வீட்டுப் போத்தலாக இருக்க வேண்டும். அவர் கைப்பட்டதாக இருக்க வேண்டும். தலைமாட்டில் கழுத்தை மண்ணுக்குள் செலுத்தி, அடி மட்டும் மேலே தெரியும்படி நட்டார்கள். நட்டதைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் படுத்தவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று பேச்சு. அன்று அந்தச் சரிவு முழுவதும் வெள்ளையும் பச்சையும் பழுப்புமாகப் போத்தல் அடிகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அஞ்சலை அக்கா ஓரமாக ஒன்றைக் காட்டினாள். சேறு படிந்து, பச்சையாக ஒரு வட்டம் தெரிந்தது.

"இங்கதான் தம்பி. காச்சல்தான். மஞ்ச பூசிக் குளிப்பாட்டி, தனியா வச்சோம். அவ எண்ணெப் போத்தலத்தான் நட்டேன்."

தனியாக. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தேன். சயாமில் யாரையும் தனியாக வைக்கவில்லை. உனக்காவது ஆறடி கிடைத்ததே என்று நினைத்தேன். மாடு மிதித்து உடைத்துவிடும் என்று பயந்து, கால் ஆறியதும் கொஞ்சம் சிமெண்டு கேட்டு வாங்கி, போத்தலின் அடியையும் சேர்த்து மூடி ஒரு சின்ன மேடை கட்டினேன்.

பிறகு தோட்டத்தை விட்டுவிட்டுக் கூலிமுக்கு வந்தேன். ஒரு ராவுத்தர் நடத்திய சோடாக் கம்பெனியில் போத்தல் கழுவும் வேலை. கை நடுங்கும் வரைக்கும் அதே வேலைதான். இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டேன். நல்லவள். வருடம் தவறாமல் உனக்கு வைக்கச் சூடமும் பூவும் அவளே எடுத்துக் கொடுப்பாள். அவளும் போய்விட்டாள். அஞ்சலை அக்கா உயிரோடு இருந்த வரைக்கும் என்னோடு இடுகாட்டுக்கு வருவாள். மேடைக்கு முன்னால் நின்று என்னைவிட அதிகமாக அழுவாள். உன்மேல் இருந்த பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் தோட்டம் கைமாறியது. ஹைடெக் பூங்காவுக்குப் பக்கத்தில் இன்னும் தொழிற்சாலைகள் வருகின்றனவாம். இடுகாட்டில் யாருடையது எது என்று அடையாளம் காட்டினால், எலும்பை எடுத்துப் புது நிலத்தில் தனித்தனியாக வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். என் மகன் காரில் கூட்டிப்போனான். அங்கே வேலையைப் பார்த்துக்கொண்ட மண்டோர் நம் தமிழ்ப் பையன்தான். வாய்த்துடுக்கு, ஆனால் கையில் மரியாதை இருந்தது.

"தாத்தா, பாட்டி இங்கதான் லா? கன்ஃபர்மா?"

"இங்கதான்பா. நானே கட்டுன மேடை."

சிமெண்டை உடைத்தான். போத்தல் முழுசாக வந்தது. கையில் கொடுத்தான். வாளித் தண்ணீரில் முக்கி மண்ணைக் கழுவினேன்.

"போத்தலக் கழுவி பசார்ல விக்கப் போறீங்களா, தாத்தா?"

என் விரல்கள் அதற்குள் படித்துவிட்டன. தாளில் இருக்கும் எழுத்துத்தான் அப்போது எனக்குத் தெரியாது, புள்ள, போத்தலை எனக்குத் தெரியும். கண்ணாடி வார்த்த அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் பக்கவாட்டில் கோடு போல ஒரு வரை ஓடும். பழைய போத்தலில் அந்த வரை கழுத்தோடு நின்றுவிடும். வாயை ஆள் தனியாகக் கையால் ஒட்டித் திருத்தியிருப்பான். முழுக்க இயந்திரத்தில் பிறந்த போத்தலில் வரை கழுத்தைத் தாண்டி வாய் விளிம்பு வரைக்கும் ஏறும். இதில் ஏறியிருந்தது. அடியைத் தடவினேன். விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள், வேர்க்குரு போல. அந்தப் புள்ளி வைத்த அடி, வெள்ளைக்காரப் பட்டாளம் திரும்பி வந்தபோது அவர்களோடு நம் பக்கம் வந்தது. குடித்துவிட்டுச் சாலையோரம் எறிவார்கள். பிறகு எங்கள் கம்பெனிக்கும் அந்த மாதிரி வந்தது. ஈர மேசையில் வழுக்காமல் நிற்கும். அதனால் எனக்குப் பிடிக்கும். கோலி இல்லை. உடைந்த வாய் இல்லை. அரிசி இல்லை.

நீ இறந்தபோது இந்தப் போத்தல் கெடா மாநிலத்து மண்ணிலேயே இல்லை.

"இன்னும் தோண்டுப்பா" என்றேன்.

தோண்டினான். முகம் சுளிக்காமல் இடுப்பு ஆழத்துக்குத் தோண்டினான். செம்மண் கட்டி கட்டியாக, இறுகிப்போய் வந்தது. கடைசியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தான். இந்த முறை கேலி இல்லை.

"தாத்தா, இது கன்னி மண்ணு. யாரும் வெட்டுனதே இல்ல. ஆள் இருந்தா பல்லாச்சும் கெடைக்கும். பல்லு மக்காது."

அஞ்சலை அக்கா செய்ததை அப்போதுதான் புரிந்துகொண்டேன். சயாமுக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று செய்தி வந்ததும், சாலையோரத்தில் பச்சையாக ஒரு போத்தல் தேடி எடுத்து, எனக்கென்று நட்டிருக்கிறாள். அதற்குக் கீழே யாரும் இல்லை என்று தெரிந்துதான் வருடா வருடம் அங்கே நின்று அழுதிருக்கிறாள். அவள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். அவளும் மண்ணுக்குள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டாமா?

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அரை நூற்றாண்டு வெறும் மண்ணுக்குச் சூடம் காட்டியிருக்கிறேன். நீ எங்கேயோ ஓர் இடத்தில், ஒரு பூக்கூட இல்லாமல் கிடந்திருக்கிறாய்.

சில வாரம் கழித்து அந்த மண்டோர் மகனுக்குப் போன் செய்தான். பழைய ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் பின்னால் சரிவை வெட்டும்போது நீளமாக ஒரு குழி வந்திருக்கிறது. நிறைய எலும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. போலீஸ் பார்த்துவிட்டுப் பழசுதான் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

"கண்ணாடியும் நெறைய கெடக்கு தாத்தா. வெள்ளக்காரன் காலமா, ஜப்பான்காரன் காலமான்னு யாருக்கும் தெரியல. அன்னைக்குப் போத்தலப் பாத்தே கண்டுபுடிச்சீங்கல்ல, நீங்க வந்து பாருங்க."

போகும் வழியெல்லாம் ஒன்றையே வேண்டிக்கொண்டேன். அந்தக் குழி வெள்ளைக்காரன் காலத்துக் காலராக் குழியாக இருக்க வேண்டும். அப்படியானால் நீ அதில் இல்லை. வேறு எங்கேயோ, அக்கா சொன்னபடி தனியாக இருக்கிறாய். இடம் மட்டும்தான் மாறிவிட்டது. வேறு யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைகள் அந்தக் குழியில் இருக்கட்டும் என்று வேண்டுவது எப்படிப்பட்ட வேண்டுதல் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

குழி ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவர்கள் பொறுக்கி வைத்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவினேன். முதலில் பழுப்பு மருந்துப் போத்தல். மெலிந்த கழுத்து, வரை கழுத்தோடு நின்றுவிட்டது. பழசு. அடுத்து, கறுப்பு என்று சொல்லும் அளவுக்கு அடர்ந்த பச்சையில் கனத்த துண்டு. வெயிலில் பிடித்தால்தான் பச்சை தெரியும். வெள்ளைக்காரத் துரைமார் குடித்தது. அதுவும் பழசு. மேலே மயில்கழுத்து நிறத்தில் செதில் படிந்திருந்தது. கண்ணாடி வெகுகாலம் மண்ணுக்குள் கிடந்தால் அப்படி ஒரு தோல் வரும். எனக்கு மூச்சு கொஞ்சம் இலேசாயிற்று. எல்லாம் பழசு, எல்லாம் ஜப்பான்காரனுக்கு முந்தியது என்று மண்டோரிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

ஆனால் குழியின் வயதைப் பழைய துண்டு சொல்லாது. பழைய போத்தல் வீட்டில் எத்தனை வருடமும் இருக்கும். கிடைத்ததில் எது கடைசியாக ஊருக்கு வந்ததோ, அதுதான் சொல்லும். அந்தத் துண்டைக் கழுவாமல் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். பழுப்பு நிறத்தில் கனமான ஓர் அடி. கழுவினேன். அடியோரத்தில் புடைத்த எழுத்துகள், கோடும் கொம்புமாக. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் யாருடையது என்று நம் தலைமுறையில் எவனுக்கும் தெரியும். ஜப்பான்காரப் பட்டாளம் குடித்த பீர் போத்தல். அவர்கள் வருவதற்கு முன்னால் தோட்டத்து மண்ணில் அது விழ வழியில்லை. புள்ளி வைத்த அடி இருக்கிறதா என்று எல்லாத் துண்டுகளிலும் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அவர்கள் வந்த பிறகு வெட்டி, அவர்கள் போவதற்குள் மூடிய குழி.

சொன்னேன். மண்டோர் தலையாட்டிக்கொண்டு போனான். நான் எழுந்திருக்கவில்லை. கடல்நீர் நிறத்தில் சில துண்டுகள் ஒரு மண்கட்டிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஏன் தொடாமல் இருந்தேன் என்று எனக்குத் தெரியும். கட்டியை நீரில் கரைத்தேன். ஒரு கோலி உருண்டு வாளிக்குள் விழுந்தது. பிறகு தோள் வளைவுத் துண்டு ஒன்று வந்தது. சட்டையில் துடைத்து வெயிலில் பிடித்தேன்.

அரிசி இருந்தது. ஒரு முனை வளைந்து, அப்படியே. கீழே எறும்பு.

அக்கா பாதிதான் பொய் சொல்லியிருக்கிறாள், புள்ள. உன் போத்தலை உன்னோடுதான் அனுப்பியிருக்கிறாள். குழியில் உன்னைப் போடும்போது அதையும் பக்கத்தில் வைக்க விடுங்கள் என்று யாரிடம் கெஞ்சினாளோ. நடுவதற்கு அங்கே தலைமாடு எது, கால்மாடு எது?

மண்டோர் பக்கத்தில் வந்து குந்தினான். என் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"பாட்டியா, தாத்தா?"

"ஆமாம்பா."

அவன் குழிக்குள் பார்த்தான்.

"இதுல எதுன்னு எடுக்குறது? ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்கே லா."

எனக்கும் தெரியவில்லை. போத்தலின் துண்டை வைத்துப் போத்தலைச் சொல்வேன். உன் கையோடு நான் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். அந்தக் கையின் எலும்பை எனக்குத் தெரியவில்லை. எல்லாரையும் ஒன்றாக வெள்ளைத் துணியில் கட்டிப் புது நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுபடியும் ஒரே குழி. பூசாரி சுருக்கமாக முடித்தார். தனியாக வைக்க முடியவில்லை, புள்ள. இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதும் முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகனோடு மறுபடி போனேன். அங்கே ஒரு பலகை வைத்திருந்தார்கள். மேலே மலாய், கீழே தமிழ். மகன் படித்துச் சொல்ல வாயெடுத்தான். வேண்டாம், நானே படிக்கிறேன் என்றேன். வகுப்புக்கு வெளியே, உதவி இல்லாமல் நான் படிக்கப்போகும் முதல் பலகை அது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். 'ழ' வரவில்லை, நிம்மதி. 'டை' வந்தது, 'யா' வந்தது. முடிவுவரைக்கும் ஒரு தப்பில்லாமல் படித்துவிட்டேன்.

அடையாளம் தெரியாதவர்கள்.

மகன் தோளைத் தட்டிக்கொடுத்தான். "பரவால்லையேப்பா, முழுசாப் படிச்சிட்டீங்க" என்றான். நான் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தச் சொல்லைப் படிக்கவா இத்தனை பாடுபட்டுக் கற்றேன்?

முறைப்படி இந்தத் துண்டையும் அங்கே நட்டிருக்க வேண்டும். பையில் எடுத்துத்தான் போயிருந்தேன். குனிந்தேன். கை விடவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். உன் வீட்டுப் பொருளை உன்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ எழுந்து உட்கார்ந்து கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

வெயில் சன்னலை விட்டுப் போகிறது. தாளில் இருந்த நிழலும் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. துண்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்க்கிறேன். எறும்பு இன்னும் அரிசியை எட்டவில்லை. நம் வீட்டில் அரிசி இருக்கிறது, புள்ள. ஒன்றே ஒன்று. துணைக்குக் கொண்டுவா என்றாய். சாக்கோடு போனவன் இன்னும் கொண்டுவரவில்லை.